படிக்கட்டு லைட் எரியவில்லை, விருந்தாளி விழுந்துவிட்டார்: செலவு யார் தலையில்?

மாடிப்படி எழுதியது:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். நல்ல மனிதர்கள், வாடகை ஒரு நாள் தவறியதில்லை. மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளிப்பக்கமாக இருக்கிறது. அதன் விளக்கு என் மீட்டரில்தான் ஓடுகிறது. சென்ற மாதம் அந்த பல்பு போய்விட்டது. மாடிக்காரர் வாட்ஸ்அப்பில் "சார், படிக்கட்டு லைட் எரியல, கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பினார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டேன். போட்டதோடு சரி. அடுத்த நாள் அலுவலகத்தில் இழுபறி, அதற்கடுத்த நாள் வெளியூர், பிறகு மறந்தே போனேன்.

ஒன்பதாவது நாள் ராத்திரி, அவர்களைப் பார்க்க வந்திருந்த அவருடைய பெரியம்மா இறங்கும்போது கீழ்ப்படியில் தடுமாறி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு. அறுவை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். செலவு எனக்கு வரும் மூன்று மாத வாடகையைத் தாண்டிவிட்டது. நேற்று மாடிக்காரர் பில்லை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "பாதியாவது பாருங்க சார்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த அம்மா என் வாடகைதாரர் இல்லை. அவருக்கும் எனக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. நான் பொறுப்பாவேனா? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நான்கு வருடமாக வாடகை வாங்கியும் இந்தமாதிரி ஒரு செலவுக்கு என்னிடம் தனியாக எதுவும் இல்லை. வந்த வாடகை எல்லாம் வீட்டுச் செலவோடு கலந்து போய்விட்டது. மற்றவர்கள் எவ்வளவு ஒதுக்கி வைக்கிறீர்கள்? காப்பீடு எடுத்திருக்கிறீர்களா?

---

குடக்கூலி எழுதியது:

நான் வாடகைக்கு இருப்பவன், அதனால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது நாள் அண்ணே! ஒரு பல்பு! நாற்காலி போட்டு ஏறினால் இரண்டு நிமிஷம்.

மாடிக்காரரே மாற்றியிருக்கலாமே என்று அடுத்து யாராவது வருவார்கள், தெரியும். நான் ஒரு வீட்டில் அப்படி பொதுவிளக்கை மாற்றப் போய், "என்னைக் கேட்காமல் வயரில் ஏன் கை வைத்தாய்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

பழைய_பூட்டு எழுதியது:

நண்பரே, பயப்படாதீர்கள். இரக்கப்பட்டு ஒரு தடவை கொடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பல்பையும் இப்போது மாற்றாதீர்கள், அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். என் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி: "வளாகத்தில் நேரும் எந்த விபத்துக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல." 15 வருடமாக அந்த வரிதான் என் காப்பீடு.

---

வழக்குரை எழுதியது:

பழைய_பூட்டு ஐயா, 15 வருடம் உங்களைக் காப்பாற்றியது அந்த வரி இல்லை. யாரும் விழவில்லை, அவ்வளவுதான்.

மாடிப்படி அவர்களுக்கு: நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உங்கள் ஊர் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஆனால் எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட மூன்றுதான். அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது? குறை இருப்பது அவருக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்த பிறகு சரிசெய்ய நியாயமான நேரம் கிடைத்ததா? உங்கள் விஷயத்தில் படிக்கட்டு பொது, விளக்கு உங்கள் மீட்டர். தெரியுமா என்பதற்கு அந்தக் கட்டைவிரல் சாட்சி. ஒன்பது நாள் ஒரு பல்புக்குப் போதாது என்று எந்த நீதிபதியிடமும் வாதாட நான் வரமாட்டேன்.

ஒப்பந்தம் இல்லாதவர் என்கிறீர்களே, அது ஒரு காலத்தில் பலித்த வாதம். 1863இல் இங்கிலாந்தில் ராபின்ஸ் எதிர் ஜோன்ஸ் வழக்கில், மோசடி இல்லாதவரை இடிந்துவிழும் வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றே நீதிபதி சொன்னார். 1906இல் கவாலியர் எதிர் போப் வழக்கு இன்னும் கொடுமை. சமையலறைத் தரையை ரிப்பேர் செய்து தருகிறேன் என்று உரிமையாளர் தரப்பில் வாக்குக் கொடுத்தும் செய்யவில்லை. அந்தத் தரை உள்வாங்கி வாடகைதாரரின் மனைவி காயப்பட்டார். ஒப்பந்தம் கணவர் பெயரில்தான், மனைவிக்கு உரிமை இல்லை என்று, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அதே நாட்டில் 1972ஆம் வருடச் சட்டம் வந்து, ரிப்பேர் செய்யும் கடமையோ உரிமையோ இருந்து, குறையை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய உரிமையாளர், அதனால் பாதிக்கப்படக்கூடிய எல்லோருக்கும் பொறுப்பு என்று மாற்றியது. விருந்தாளியும் அதில் அடக்கம்.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்த்த சார்ஜென்ட் எதிர் ராஸ். மாடியில் குடியிருந்தவரிடம் பார்த்துக்கொள்ள விட்டிருந்த நான்கு வயதுக் குழந்தை, வெளிப்படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்துபோனது. படி செங்குத்து, கைப்பிடி போதாது. வீட்டுக்காரர்களுக்கு அதுவரை இருந்த பாதுகாப்பை நீக்கி, மற்ற எல்லோரையும்போல அவர்களும் நியாயமான கவனம் காட்டியாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

"பொறுப்பல்ல" வரி பற்றி: அது நீங்களும் கையெழுத்துப் போட்டவரும் பேசிக்கொண்டது. கையெழுத்தே போடாத பெரியம்மாவை எப்படிக் கட்டுப்படுத்தும்? உடற்காயத்துக்கான பொறுப்பை ஒப்பந்த வரியால் கழற்றிவிட முடியாது என்று பல நாட்டுச் சட்டங்கள் நேரடியாகவே சொல்கின்றன.

கடைசியாக, பல்பை இன்றைக்கே மாற்றுங்கள். விபத்துக்குப் பின் செய்த ரிப்பேரை, முன்பு அலட்சியமாக இருந்ததற்குச் சான்றாகக் காட்டக்கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதிகளில் 407ஆவது விதியே இருக்கிறது. அப்படி விதி இல்லாத ஊரிலும், இரண்டாவது ஆள் அதே இருட்டில் விழுந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

---

கணக்குப்புள்ளை எழுதியது:

சட்டம் எனக்குத் தெரியாது, நோட்டுப் புத்தகம் தெரியும். மாடிப்படி கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பணத்தை எந்த நாட்டுக் காசிலும் எண்ண வேண்டாம், மாத வாடகையிலேயே எண்ணுங்கள். வருடத்துக்கு 12 வாடகை. குடி மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 8.3 சதவீதம் போச்சு. அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் வருடத்துக்கு அரை மாதம். வீட்டு வரி, காப்பீடு, தரகு, சில்லறை ரிப்பேர் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு, அதை யாரும் மறப்பதில்லை.

மறப்பது பெரிய சாமான்களை. என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு போட்டபோது ஐந்து மாத வாடகை ஆனது. எட்டு வருடம் தாங்கியது. அப்படியானால் வருடத்துக்கு 0.6 வாடகை, பணம் கையைவிட்டுப் போகாத ஏழு வருடத்திலும் அது செலவுதான். பெயின்ட் ஒன்றரை வாடகை, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஆக 0.3. தண்ணீர் மோட்டார், கீசர், குளியலறைக் குழாய்கள் எல்லாம் சேர்த்து 0.4. பழைய வயரிங்கை மாற்ற ஒரு நாள் நான்கு வாடகை வேண்டும், அதை 20 வருடத்துக்குப் பிரித்தால் 0.2. கூட்டினால் வருடத்துக்கு ஒன்றரை வாடகை. இதில் காலி மாதம் சேரவில்லை, வரி சேரவில்லை, யாரும் விழவில்லை.

நான் செய்வது: வாடகை தனிக் கணக்கில் விழும். அதிலிருந்து வீட்டுக்கு வருவது பத்தில் ஏழு பங்குதான். மீதி அங்கேயே தூங்கும். மூன்று வாடகை சேரும்வரை அதை யாரும் தொடக்கூடாது, என் மனைவி உட்பட. குறிப்பாக நான்.

வீட்டு மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கு என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மதிப்பில் பெரும்பங்கு மனை. மனை ஒழுகாது, மனைக்கு பெயின்ட் வேண்டாம். கட்டடத்தை இன்றைக்குத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதில் சதவீதம் போடுங்கள், வீடு பழையதென்றால் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

சாவிக்கொத்து எழுதியது:

காப்பீடு பற்றி நான் சொல்லலாம். சூடுபட்ட பூனை.

வீடு வாங்கியபோது நாங்களே குடியிருந்தோம், அப்போது எடுத்த பாலிசி. பிறகு வேறு ஊருக்கு மாறி, வீட்டை வாடகைக்கு விட்டோம். பிரீமியம் மட்டும் ஒழுங்காகக் கட்டினேன். சமையலறையில் தீப்பிடித்து அலமாரியும் கூரைப்பூச்சும் போனது. பார்வையிட வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே யார் குடியிருக்கிறார்கள்?" அத்தோடு முடிந்தது. வாடகைக்கு விட்டதை எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். திட்டுவதற்கு ஒன்றுமில்லை, பாலிசியின் 11ஆம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் முதல் தடவை படித்தது அன்றைக்குத்தான்.

மாடிப்படி, உங்களுக்கு வேண்டியது கட்டடக் காப்பீடு அல்ல. அது சுவருக்கு. மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு தனி, சில பாலிசிகளில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் கேட்டு வாங்க வேண்டும். விபத்து தெரிந்தவுடன் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும், அவர்களைக் கேட்காமல் "நான் தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டாலே சில பாலிசிகளில் பாதுகாப்பு போய்விடும். அதனால் எதுவும் எழுதிக் கொடுக்கும் முன் பழைய பாலிசியைத் தேடி எடுங்கள்.

இன்னொரு பொறி, குறைத்துக் காப்பீடு செய்வது. திரும்பக் கட்ட 100 ஆகும் கட்டடத்தை 60க்குக் காப்பீடு செய்துவிட்டு, 20க்குச் சேதம் என்றால் 20 வரும் என்று நினைப்போம். விகிதாசார விதி உள்ள பாலிசியில் 12தான் வரும். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டிக்கிடந்தால் சில பாதுகாப்புகள் நின்றுபோகும் என்ற வரியையும் பாருங்கள், குடி மாறும் மாதத்தில் அது கடிக்கும்.

---

பழைய_பூட்டு எழுதியது:

இவ்வளவு தொல்லை எதற்கு? வீட்டை ஒரு கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டால் பொறுப்பு கம்பெனியோடு போயிற்று.

---

வழக்குரை எழுதியது:

ஓரளவு உண்மை. கம்பெனியின் கடனுக்கு உங்கள் சொந்த வீட்டைத் தொடமாட்டார்கள். ஆனால் நீங்களே ஏணி வைத்து வயரைத் தவறாக இணைத்து, ஒருவருக்கு ஷாக் அடித்தால் அந்தத் தவறு உங்கள் கையுடையது, கம்பெனி நடுவில் நிற்காது. பெயர் மாற்றும் கட்டணம், வருடாவருடம் கணக்குத் தாக்கல், வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் என்று வரிசையாக வரும். ஒரு மாடி போர்ஷனுக்கு இது யானைக்குத் தீனி போடும் வேலை. பொறுப்புக் காப்பீடும் ஒரு பல்பும் மலிவு.

கூட்டுச்சொத்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று சகோதரர்கள் பெயரில் வீடு இருந்து, ஒருவர்தான் வாடகை வாங்கிப் பார்த்துக்கொள்கிறார் என்றாலும், பல இடங்களில் முழு இழப்பீட்டையும் மூவரில் எவரிடமும் கேட்கலாம். வசதியானவரைத்தான் தேடி வருவார்கள்.

---

ஈரச்சுவர் எழுதியது:

கட்டட வேலை பார்க்கும் சிவில் ஆள் நான். எல்லோரும் பல்பிலேயே நிற்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம், கடைசியில் கேட்கிறேன்.

வாடகை வீடுகளைப் பார்க்கப் போனால் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். பால்கனியின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் கோட்டிலேயே மெல்லிய விரிசல் இருந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டிங்' என்று கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடம் 'தொப்' என்று பொத்தலாகக் கேட்கும். பொத்தல் சத்தம் வரும் துண்டு கீழே நடப்பவர் தலைக்குக் காத்திருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்து வாடகைக்கு விட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா? அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தை நுழையும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் இன்றே கழற்றுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, உள்ளே இருப்பவருக்குக் கதவைத் திறக்கத் தோன்றுவதற்குள் நினைவு போய்விடும். புகை எச்சரிக்கைக் கருவி வைத்திருப்பவர்கள் பின்பக்கத் தேதியைப் பாருங்கள், பத்து வருடத்தில் மாற்ற வேண்டும்.

சரி, என் கேள்வி. மாடிப்படி, அந்த அம்மா விழுந்தது கீழ்ப்படியில் என்றீர்கள். மேலிருந்து அத்தனை படியும் இருட்டில் இறங்கியவர் கடைசியில் ஏன் தடுமாறினார்? ஒரு டேப் எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து இங்கே போடுங்கள்.

---

குடக்கூலி எழுதியது:

ஈரச்சுவர் அண்ணா சொன்ன பெயின்ட் விஷயத்திலிருந்து ஒன்று. வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவு முழுவதையும் முன்பணத்தில் பிடிக்கிறார்கள். கணக்குப்புள்ளை கணக்கின்படி பெயின்ட் ஆயுள் ஐந்து வருடம் என்றால், மூன்று வருடம் ஆன சுவரை என் பிள்ளை கிறுக்கி நாசம் செய்தாலும் நான் தர வேண்டியது ஐந்தில் இரண்டு பங்குதானே? கிறுக்கவே இல்லை, தானாக மங்கியது என்றால் ஒன்றுமே இல்லையே?

---

கணக்குப்புள்ளை எழுதியது:

சரியாகச் சொன்னாய் தம்பி. புழக்கத்தில் தேய்ந்தது வீட்டுக்காரர் கணக்கு, உடைத்தது குடியிருப்பவர் கணக்கு, உடைத்ததிலும் மிச்ச ஆயுளுக்கு மட்டும். குடி வரும் அன்று இருவரும் சேர்ந்து வீடு முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். நான் ஒரு தடவை எடுக்காமல் விட்டு, இருந்த விரிசலா வந்த விரிசலா என்று ஆறு மாதம் பேசினோம்.

---

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பல்பு அன்றைக்கே மாற்றியாகிவிட்டது, ஆள் நடந்தால் தானே எரியும் வகை.

பழைய பாலிசியைப் பீரோவில் தேடி எடுத்தேன். மூன்றாம் நபர் பொறுப்பு ஒரு சின்னத் தொகைக்கு இருக்கிறது, ஆனால் "உரிமையாளர் குடியிருப்பு" என்று எழுதியிருக்கிறது. பாதி உண்மை, பாதி பொய். நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன், பதில் வரவில்லை. மாடிக்காரரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்: பாலிசிக்காரர் பதில் வரும்வரை எழுத்தில் எதுவும் தர முடியாது, ஆனால் உங்களைக் கைவிடமாட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியம்மா உங்களைக் கேட்டாங்க" என்றார். நாளை பார்க்கப் போகிறேன். வழக்குரை சார், பழம் வாங்கிக்கொண்டு போவது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடாதே?

ஈரச்சுவர், நீங்கள் சொன்னபடி டேப் வைத்து அளந்தேன். 16 படி. மேலிருந்து 15 படியும் 17 செ.மீ., கூடக்குறைய சில மில்லிமீட்டர். கடைசிப் படி 13.5. இரண்டு வருடம் முன்பு நான்தான் கீழே வாசலில் சிமென்ட் போட்டு டைல்ஸ் பதித்தேன். தரை உயர்ந்துவிட்டது. தினமும் ஏறி இறங்கும் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

---

ஈரச்சுவர் எழுதியது:

அதுதான். கால் 15 படியில் ஒரு உயரத்தைப் பழகிக்கொள்ளும், 16ஆவதில் தரை மூன்றரை சென்டிமீட்டர் முன்னாலேயே வந்து மோதும். பகலில் கண் சமாளித்துவிடும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில் ஒரே வரிசைப் படிகளுக்குள் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. உங்களுடையது 35. பல்பு எரிந்திருந்தாலும் என்றைக்காவது யாராவது விழுந்திருப்பார்கள்.

---

வழக்குரை எழுதியது:

பழம் தாராளமாக வாங்கிப் போங்கள்.

படி விஷயம் வேறு. பல்பாவது தானாகப் போனது. அந்த 35 மில்லிமீட்டரை உருவாக்கியவரே நீங்கள், நேற்றுவரை தெரியாது என்று சொல்ல இடமிருந்தது. இப்போது அளந்து, எண்ணை எழுதி, எல்லோரும் படிக்கும் இடத்தில் போட்டிருக்கிறீர்கள். கொத்தனாருக்குச் சொல்லிவிட்டீர்களா?

---

மாடிப்படி எழுதியது:

வியாழக்கிழமை காலை வருகிறார். அதுவரை கடைசிப் படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். மாடிக்காரருக்கு செய்தியும் அனுப்பிவிட்டேன், இந்தத் தடவை எழுத்தில், கிழமையோடு. அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.